இடப்பக்கம் இழுக்கும் படகு

படகு மறுபடியும் இடப்பக்கம் திரும்பியது.

யாரும் திருப்பவில்லை. அதுதான் விஷயமே. கண்ணாடிக்கடைக்காரர் முன் இருக்கையில் உட்கார்ந்து, வலம் ஒன்று இடம் ஒன்று என்று தாளம் தப்பாமல் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். பின் இருக்கையில் அவருடைய சகலை, அதாவது அவர் மனைவியின் தங்கை கணவர், அதே தாளத்தில் போட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் ஓடையின் நடுவில் நேராகப் போக வேண்டிய படகு, மேய்ச்சலைப் பார்த்துவிட்ட மாடு மாதிரி மெல்ல மூக்கைத் திருப்பி, இடக்கரைக் கோரைக்குள் சரசரவென்று நுழைந்து நின்றது. அந்தச் சத்தம் போதாதா? கொஞ்சம் தள்ளி, கோரையோடு கோரையாக, அலகை வானத்தைப் பார்க்கத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற மஞ்சள் குருகு, கால்களைத் தொங்கவிட்டபடி எழும்பி மேம்பாலத் தூண்களுக்கு அப்பால் போய் மறைந்தது. பைனாகுலர் கண்ணுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"போச்சு," என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"போச்சுண்ணா," என்றார் சகலை.

அந்த எதிரொலிதான் அவருக்கு ஆகாது.

நகரத்தின் நடுவே ஓடும் ஆறு, கடலுக்குப் போகும் வழியில் களைத்துப்போய்ப் படுத்துக்கொண்ட இடம் அந்தச் சதுப்பு. ஒருபுறம் கிடங்குகளின் பின்சுவர்கள். மேலே மேம்பாலம், அதில் எந்நேரமும் லாரிகளின் உறுமல். கீழே கோரையும் நாணலும், நடுவே ஒரு படகு போகிற அகலத்துக்கும் சற்றே கூடுதலாக ஓர் ஓடை. தண்ணீரில் பாதி மழைநீர், மீதி என்னவென்று கேட்காமலிருப்பது நல்லது. இருந்தும் பறவைகளுக்கு அது போதுமாக இருந்தது. முக்குளிப்பான் பாட்டில் மூடிகளுக்கு நடுவே முங்கி எழும். நீர்க்காகம் முறிந்துபோன விளம்பரக் கம்பத்தில் இறக்கை விரித்துக் காயும். மஞ்சள் குருகு மட்டும் எளிதில் அகப்படாது. ஆபத்து என்றால் ஓடாமல் அப்படியே உறைந்து நின்று, தானும் ஒரு கோரைத் தட்டைதான் என்று நம்ப வைக்கப் பார்க்கும். படகு அதைப் பக்கவாட்டில் கடந்து போனால் கடைசி வரை அசையாது. படகின் மூக்கு தன்னை நோக்கித் திரும்பினால் மட்டும், நாடகம் பலிக்கவில்லை என்று முடிவுகட்டிப் பறந்துவிடும். ஆகவே அதைப் பார்க்க வேண்டுமானால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. நேராகப் போக வேண்டும்.

நேராகப் போவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அந்தப் படகு செய்தது.

அது இருவர் உட்காரும் கயாக் என்ற ஒல்லிப் படகு. நல்ல காலத்தில் இரண்டு குடும்பமும் சேர்ந்து வாங்கியது. அப்போது அக்காவும் தங்கையும் ஒரு நாளைக்கு மூன்று முறை போனில் பேசுவார்கள். பிறகு அத்தை வந்தார். அத்தை என்றால் இருவருக்கும் மாமியார். மாமா போன பிறகு மூத்த மகள் வீட்டில் இருக்கட்டும் என்று எல்லோரும் சேர்ந்துதான் முடிவுசெய்தார்கள். கொஞ்ச காலம் இருந்தார். திடீரென்று ஒரு நாள், "சின்னவ வீட்ல கொழந்தையப் பாத்துக்க ஆளில்ல," என்று சொல்லிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வரவில்லை. "பெத்த அம்மாவை மயக்கிக் கூட்டிட்டுப் போயிட்டா," என்றாள் அக்கா. "உன் வீட்ல அம்மா கண்ணு செவந்து கெடந்தது உனக்குத் தெரியலயா," என்றாள் தங்கை. அத்தோடு போன் நின்றது. போனோடு வருகை நின்றது. கண்ணாடிக்கடைக்காரரை முதன்முதலில் "பெப்பா" என்று கூப்பிட்ட அந்தக் குழந்தைக்கு இப்போது எத்தனை வார்த்தை பேச வருகிறது என்பதே அவருக்குத் தெரியாது.

மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமைப் படகு ஒன்றுதான். பறவை பார்ப்பதை யாரும் உறவாடுவது என்று சொல்லிவிட முடியாதல்லவா? அதனால் இரண்டு வீட்டிலும் விட்டுவைத்திருந்தார்கள். ஆனால் இன்று காலை கிளம்பும்போது மனைவி வாசலில் நின்று, "ஒட்டும் வேணாம் உறவும் வேணாம்னு ஆயிடுச்சு. இதுல படகு மட்டும் என்ன பாலமா? வித்துத் தொலைங்க," என்று சொல்லியிருந்தாள். ஒரு குருகைக்கூடப் பார்க்காமல் மாதக்கணக்கில் கோரையை முட்டிவிட்டு வருகிறவன் என்ன பதில் சொல்வான்?

காரணத்தைக் கண்டுபிடிக்க அவர் பார்க்காத பார்வை இல்லை. பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராயாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கடைக்கு வருகிறவர்களிடம், மூக்குக்கண்ணாடியில் ஒளி எப்படி வளைகிறது என்பதை அவர்கள் பஸ்ஸை விடும் வரை விளக்குகிறவர் அவர். முதலில் அடிப்பாகம் கோணலோ என்று படகைக் கவிழ்த்துப்போட்டு நூல் பிடித்துப் பார்த்தார். நூல் பிடித்தது போலவே இருந்தது. அடியோட்டம் இழுக்கிறதோ என்று ஓர் இலையை மிதக்கவிட்டுப் பார்த்தார். இலை பேசாமல் கிடந்தது. துடுப்புகளை மாற்றிப் பார்த்தார். தண்ணீர் பாட்டிலை வலப்பக்கம் நகர்த்தினார். இதில் உச்சகட்ட எரிச்சல் என்னவென்றால், போகும்போது இடப்பக்கம் இழுக்கிற அதே படகு, திரும்பி வரும்போது வலப்பக்கம் இழுத்தது! கோணல் படகு என்றால் இரண்டு தடவையும் ஒரே பக்கம்தானே போக வேண்டும்? கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு காரணம். அது அவருக்குப் பின்னால் உட்கார்ந்து, சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தது.

"சகல, நீங்க இடது கைய லேசாத்தான் போடுறீங்க, இல்ல?"

"ஆமாண்ணா. என் கைதான்."

"இல்ல, போன வாரம் அழுத்திப் போடுறீங்கன்னு சொன்னேனே."

"அதுவும் சரிதாண்ணா."

சகலைக்கு வேலை ஒரு தொலைபேசி நிறுவனத்தில். வாடிக்கையாளர் குறைகளைக் கேட்கும் பிரிவின் மேற்பார்வையாளர். கத்துகிறவர்கள், அழுகிறவர்கள், வழக்குப் போடுவேன் என்கிறவர்கள் எல்லோரையும் இரண்டே நிமிடத்தில் பசுவாக மாற்றிவிடும் குரல் அவருக்கு. உங்க சிரமம் எனக்குப் புரியுது, நீங்க சொல்றது நியாயம்தான். வேலை முடிந்து வரும்போது மற்றவர்கள் பையை எடுத்துக்கொண்டு வருவார்கள். அவர் அந்தக் குரலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். சுவரில் பந்தடித்தால்கூட அது திரும்பி வரும். இவரிடம் அடித்தால் பந்து உள்ளேயே போய்விடும்.

இப்போதும் கோரைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்ற படகில், கண்ணாடிக்கடைக்காரர் முகத்தில் ஒட்டிய சிலந்தி வலையைத் துடைத்தபடி சொன்னார்.

"இதான் கடைசி. அடுத்த வாரத்துலேர்ந்து வேணாம். படக யாருக்காவது குடுத்துடலாம்."

பின்னாலிருந்து குரல் வந்தது, "சரிண்ணா."

அவருக்குள் ஏதோ ஒன்று சடாரென்று அறுந்தது. திரும்ப முயன்றார். கயாக்கின் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு திரும்புவது, இறுகப் போர்த்திய போர்வைக்குள் புரண்டு படுப்பது மாதிரி. பாதி திரும்பியதிலேயே படகு ஒருபக்கம் சாய்ந்து தண்ணீரை வாரிக் குடித்தது.

"என்னய்யா சரி? எது சரி? இத வித்துட்டா நீ யாரு நான் யாரு? என் பொண்டாட்டி உன் வீட்டுப் பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டேங்கறா. உன் பொண்டாட்டி என் பேரக் கேட்டாலே போன வச்சிடுறா. மிச்சம் இருக்கறது இந்த ஓட்டப் படகு. அதையும் விக்கலாங்கறேன், அதுக்கும் ஒரு சரியா? வாயத் தொறந்து ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, இல்லன்னு சொல்லுய்யா!"

அவர் சகலையை 'நீ' என்று பேசியது அதுவே முதல் முறை. மேம்பாலத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"இல்லண்ணா," என்றார் சகலை.

"என்ன இல்ல?"

"என் கை இல்ல. நீங்க முன்னாடி உக்காந்திருக்கிறதுதான் காரணம்."

கண்ணாடிக்கடைக்காரர் தன் இருக்கையைக் குனிந்து பார்த்தார்.

"மொத நாளே படகுக் கொட்டகைக்காரர் சொன்னாரு. நீங்க அந்தப் பக்கம் போன் பேசிட்டிருந்தீங்க. 'கனமானவங்கள பின்னாடி உக்கார வைங்க, இல்லன்னா காத்து வர்ற பக்கமாவே போவும்'னாரு. நான் எப்பிடிண்ணா சொல்வேன்? உங்களப் பாத்து, நீங்க கனம், பின்னாடி போங்கன்னு? அதுவும் இல்லாம முன்னாடிதான் பறவை நல்லாத் தெரியும். மூத்தவரு நீங்க. உங்களப் பின்னாடி தள்ளிட்டு, உங்க மூஞ்சிக்கு முதுகக் காட்டிட்டு நான் ஜம்முனு உக்கார முடியுமா?"

கோபப்பட வேண்டிய இடம் அது. ஆனால் கண்ணாடிக்கடைக்காரரின் மனசு கோபத்துக்குப் போகாமல் நேராகப் படகின் அடிப்பாகத்துக்குப் போய்விட்டது. முன்பக்கம் கனம். அப்படியென்றால் முன்மூக்கு தண்ணீரில் ஆழமாகப் புதைந்து, ஆணி அடித்தது போல நிற்கும். பின்பக்கம் லேசாக மேலே தூக்கிக்கொண்டிருக்கும். பக்கத்திலிருந்து காற்று வீசும்போது, புதைந்த மூக்கு நகராது. லேசான பின்பக்கம்தான் தள்ளப்படும். பின்பக்கம் வலது பக்கமாகப் போனால் மூக்கு தானாகவே இடது பக்கம் பார்க்கும், அதாவது காற்று வருகிற பக்கம். போகும்போது காற்று இடப்பக்கத்திலிருந்து, ஆற்றின் திறந்தவெளியிலிருந்து, குட்டைக் கோரையின் தலைக்கு மேலாக வருகிறது. திரும்பும்போது அதே காற்று வலப்பக்கம். அதனால்தான்! படகு எப்போதும் காற்றைத்தான் பார்க்கப் போயிருக்கிறது. நூலும் இலையும் வைத்து அவர் எடைபோடாதது ஒன்றே ஒன்று. அது அவர்.

"எத்தன மாசமாய்யா இதத் தெரிஞ்சு வச்சிருக்கே?" என்றார். குரலில் பாதி வியப்பு, பாதி அடித்துவிடலாமா என்கிற யோசனை.

"மொத நாள்லேர்ந்துண்ணா."

"நல்ல மரியாதைய்யா உன் மரியாதை. மரியாதை குடுத்தே என்னைக் கோரைல கொண்டு சொருகிட்டே."

மேம்பாலத் தூணின் அடியில் ஒரு சிமெண்டு மேடை தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அங்கே போய் இடம் மாறினார்கள். அது சுலபமாக நடந்தது என்று சொல்ல முடியாது. கண்ணாடிக்கடைக்காரர் ஒரு காலை மேடையில் வைத்தபோது மறு காலுடன் படகு கிளம்பிவிட்டது. "புடி புடி," என்று அவர் கத்த, முன்பே மேடையில் ஏறியிருந்த சகலை அவருடைய மிதவைச் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்க, இருவரும் பறவை எச்சத்தின் மீது ஒருவர் மேல் ஒருவராக உட்கார்ந்தார்கள். சகலை முன் இருக்கையில் ஏறும்போது, "மன்னிச்சுக்கங்கண்ணா," என்றார் முதுகைக் காட்டுவதற்காக. "மூடிட்டு ஏறுய்யா," என்றார் மூத்தவர்.

படகு நேராகப் போனது.

அவ்வளவு சாதாரணமாகப் போனது. காற்று முன்னைப் போலவேதான் இடப்பக்கத்திலிருந்து அடித்தது, கன்னத்தில் தெரிந்தது. படகு அதைச் சட்டை செய்யவில்லை. பின்பக்கம் புதைந்து நிற்க, மூக்கு லேசாகத் தண்ணீரைத் தடவிக்கொண்டு, ஓடையின் நடுக்கோட்டில் சென்றது. இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு, இவ்வளவு சின்னக் காரணம் இருக்கலாமா என்று கண்ணாடிக்கடைக்காரருக்கு இன்னும் கொஞ்சம் எரிச்சல் வந்தது. எதிரே இருந்த காட்சியும் அதற்கு உதவவில்லை. ஆறும் பறவைகளும் இருந்த இடத்தில் இப்போது சகலையின் முதுகும், தொப்பியும், தொப்பிக்குக் கீழே வெயிலில் கருத்த கழுத்தும் இருந்தன.

அந்தக் கழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "வேற என்னெல்லாம் சொல்லாம வச்சிருக்கே?"

துடுப்பு ஒரு முறை தப்பியது.

"சொல்லு. இப்பத்தான் நல்லா வருதே."

ஆளைப் பார்க்காமல் பேசுவதுதான் சகலையின் தொழில். யாருடைய முகத்தையும் பார்க்காமல் நாள் முழுக்கப் பேசிப் பழகியவர். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்ததில் அவருக்கு ஏதோ ஒரு கட்டு தளர்ந்திருக்க வேண்டும். ஆனால் வந்தது ஆபீஸ் குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பான, புதுக் குரல்.

"அத்த எங்க வீட்டுக்கு வந்தது கொழந்தைக்காக இல்லண்ணா."

"பின்ன?"

"உங்க வீட்ல அவங்களுக்குத் தூக்கமே இல்ல. நீங்க குறட்ட விடுறீங்க."

கண்ணாடிக்கடைக்காரர் துடுப்புப் போடுவதை நிறுத்தினார்.

"சும்மா குறட்ட இல்லண்ணா. செவுரு அதிரும்னாங்க. இருந்த வரைக்கும் ஒரு ராத்திரி ஒழுங்காத் தூங்கல. அக்காவுக்குப் பழகிப்போச்சு, ரயில் ரோட்டோரம் குடியிருக்கறவங்க மாதிரி. அவங்களுக்குக் கேக்கறதே இல்ல. அத்த எப்பிடிச் சொல்வாங்க? மாப்பிள்ளை மனசு சங்கடப்படுமாம். பொண்ணுகிட்டச் சொன்னா பொண்ணு உங்ககிட்டச் சொல்லிடுமாம். அதனால கொழந்தைய சாக்கு வச்சுக் கிளம்பி வந்துட்டாங்க. எங்க வீட்ல வந்து ரெண்டு நாள் எந்திரிக்காம தூங்குனாங்க. அப்பறம்தான் இவகிட்டச் சொன்னாங்க, யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டு. இவ எங்கிட்டச் சொன்னா, அதே சத்தியத்தோட."

"அப்ப என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும்."

"அக்காவுக்கும் தெரியாதுண்ணா."

அதுதான் அவரை உண்மையில் வெறுப்பேற்றியது. ஒரு பொல்லாதவனாவது இருந்திருந்தால் அவனைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். இங்கே எல்லோரும் நல்லவர்கள். ஒருவர் மனசு நோகக்கூடாது என்று மூன்று பேர் சேர்ந்து பொத்திப் பொத்தி வைத்ததில், கூடப்பிறந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நோகக்கூடாத அந்த மனசோ அவருடையது. அவரைக் கேட்டிருந்தால், தொண்டைக்குள் காற்று எப்படி உரசிச் சத்தம் வருகிறது என்று அத்தைக்கே படம் போட்டு விளக்கியிருப்பார். மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தார். உங்கம்மா போனது உன் தங்கச்சியால இல்ல, என்னால. அவள் நம்பமாட்டாள். குறட்டையா, நீங்களா என்பாள்.

"அத்தைக்கு நாங்க பெரிய ரூமைக் குடுத்தோம்," என்றார் மெல்ல. "எங்க ரூமை ஒட்டினது. ஜன்னல் உள்ளது. மரியாதையா இருக்கட்டுமேன்னு."

சகலை துடுப்பை மடியில் வைத்துவிட்டு வலது கையை மட்டும் பின்பக்கம் நீட்டி, உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினார். நிறுத்துங்கள் என்று அர்த்தம். கண்ணாடிக்கடைக்காரர் துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். படகு தன் வேகத்திலேயே சத்தமில்லாமல் நகர்ந்தது.

"என்ன?" என்றார் அடித்தொண்டையில். "எனக்கு ஒண்ணும் தெரியல. உன் தொப்பிதான் தெரியுது."

"வந்துட்டிருக்கு. இடது பக்கம். மடங்கின தட்டைக்குப் பின்னாடி. அலக மேல தூக்கி வச்சிருக்கு. கழுத்துல பழுப்புக் கோடு. கண்ணு மஞ்சளா நம்மளையே பாக்குது. அசையாதீங்க."

அசையவில்லை. படகின் மூக்கு குருகைக் கடந்தது. சகலையின் தொப்பி கடந்தது. பிறகு அது கண்ணாடிக்கடைக்காரருக்கு நேராக வந்தது, கையை நீட்டினால் எட்டிவிடும் தூரத்தில். காற்றில் கோரை ஆட, அந்தப் பறவையும் கோரையைப் போலவே லேசாக ஆடிக்கொண்டிருந்தது. தன்னை யாரும் பார்க்கவில்லை என்று அது முழுதாக நம்பியது. பைனாகுலரை அவர் எடுக்கவே இல்லை.

அது பின்னால் போய் மறைந்த பிறகும் கொஞ்ச தூரம் இருவரும் அப்படியே மிதந்தார்கள்.

"சமையக்கட்டுக்குப் பின்னாடி ஒரு சின்ன ரூம் இருக்கு," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "கடைச் சாமானெல்லாம் போட்டு வச்சிருக்கோம். அதையெல்லாம் எடுத்துட்டு அத்த கட்டில அங்க போட்டுடலாம். வீட்டோட அந்தக் கோடி. அங்க கேக்காது."

"கேக்கும்ணா," என்றார் சகலை, திரும்பாமலே.

"கேக்குமா?"

"கொஞ்சம் கேக்கும். நடுவுல ரெண்டு கதவு இருக்குல்ல, ரெண்டையும் சாத்தினா கேக்காது."

"சரி," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "ரெண்டையும் சாத்திடலாம்."